இரு விமான நிலையங்களுக்கிடையே தூரமும் காலமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மார்கழி மாதத்திலே, எமது அயலில் முதியவர் ஒருவர் காலமானார். அவருக்குக் கொள்ளி வைக்கும் உரிமையுடைய ஏக புத்திரர் இலண்டன் மாநகரிலே தொழில் புரிபவர். செய்தி கேட்டதும் அவர் தொலைபேசியில், "இன்றிரவு எட்டு மணி விமானத்தில் ஏறுகின்றேன், நான் வந்து முகம் பார்க்கும்வரை பொறுத்திருங்கள்" என்று மட்டும் கூறி வைத்துவிட்டார். முற்றத்திலே கூடியிருந்த பெரியோர் உடனே கணக்குப் பார்க்கத் தொடங்கினர். அவர்களுள் ஒருவர் முன்னொருமுறை இலண்டன் சென்று வந்தவர். "நான் நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கட்டுநாயக்காவில் ஏறினேன், மாலை ஆறு மணிக்குமுன் அங்கே இறங்கிவிட்டேன். ஆகவே பயணம் ஆறு மணித்தியாலமே. இரவு எட்டுக்கு ஏறுபவர் அதிகாலை இரண்டு மணிக்குக் கொழும்பில் நிற்பார், காலை பத்து மணிக்கு வீட்டில் நிற்பார்" என்று அவர் முடிவு கூறினார். அதற்கிணங்கக் கிரியைகள் மறுநாட் காலை பதினொரு மணிக்கு ஆரம்பமாகும் என அறிவிக்கவும் ஆயத்தமாயினர்.

அங்கு நின்ற யான் ஒரு காகிதத் துண்டை எடுத்துச் சில வரிகள் கணித்துவிட்டு, மகனார் மறுநாள் இரவு ஒன்பது மணிக்கு முன்னர் வந்து சேருதல் இயலாது என்று கூறினேன். முதலில் எவரும் நம்பவில்லை. பின்னர் கணக்கை விளக்கியபோது ஏற்றுக்கொண்டு, கிரியைகளை அதற்கடுத்த நாளுக்கு ஒத்திவைத்தனர். மகனார் இரவு ஒன்பதரை மணியளவில் வந்து சேர்ந்தார். தந்தையாரின் முகத்தைக் கண்டார். மறுநாள் தம் கையாலேயே கொள்ளி வைத்தார்.

அன்று அக்காகிதத் துண்டில் எழுதிய கணக்கு யாதென்று பின்னர் மாணவர் பலர் வினவினர். அதனை விரிவாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு வேண்டிய கணிதம் நம் மேல்வகுப்பு மாணவர் கற்கும் திரிகோண கணிதத்துக்கு அதிகம் அப்பாற்பட்டதன்று.

தேசப்படம் காட்டும் வழியும் உண்மை வழியும்

வகுப்பறைச் சுவரிலே தொங்கும் உலகப் படத்தில் கொழும்பையும் இலண்டனையும் ஓர் அடிமட்டத்தால் இணைப்போமாயின், அக்கோடு அரபிக் கடலைக் கடந்து, சவூதி அரேபியாவின் வடபாகத்தின்மீது சென்று, மத்தியதரைக் கடலின் கரையை ஒட்டி ஐரோப்பாவினுட் புகும். இதுவே மிகக் குறுகிய வழி என்று எண்ணுதல் இயல்பு. ஆயின் அது தவறு.

பூமி ஏறக்குறைய ஒரு கோளம். கோளத்தின் மேற்பரப்பைக் கிழிக்காமலும் இழுக்காமலும் தட்டையான தாளில் விரித்தல் இயலாது. தோடம்பழத்தின் தோலை உரித்து மேசையில் அழுத்திப் பார்ப்பவர் இவ்வுண்மையைத் தாமே காண்பர். கெராடஸ் மேர்க்கேற்றர் என்பார் 1569 ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற உலகப் படம் மாலுமிகளுக்குப் பெரிதும் உதவியது. அப்படத்தில் ஒரு நேர்கோட்டை வரைந்து, திசையறி கருவியை அக்கோட்டின் கோணத்திலேயே மாறாது வைத்துக் கப்பலைச் செலுத்தினால், சேரவேண்டிய துறைமுகத்தைச் சென்றடையலாம். திசை மாறாத வழி என்பதே அதன் சிறப்பு; குறுகிய வழி என்பதன்று. வடக்கே செல்லச் செல்ல நிலங்கள் தம் உண்மைப் பருமனிலும் பெரிதாகத் தோன்றுவது அச்சிறப்புக்கு அப்படம் கொடுத்த விலை.

கோளத்தின் மேலுள்ள இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழியைக் காண விரும்புவோர் பூகோள உருண்டை ஒன்றையும் ஒரு நூலையும் எடுத்துக்கொள்க. நூலின் ஒரு முனையைக் கொழும்பிலும் மறு முனையைப் பிறிதோர் விரலால் இலண்டனிலும் பிடித்து இறுக இழுத்தால், நூல் தானே ஒரு வில்லாகப் படியும். அவ்வில்லை இரு புறமும் நீட்டினால் அது பூமியைச் சரிபாதியாக வெட்டும் ஒரு வட்டமாகும். அவ்வட்டத்தின் மையமும் பூமியின் மையமும் ஒன்றே. இத்தகைய வட்டத்தைப் பெருவட்டம் என்பர். மத்தியகோடும் நெடுங்கோடுகளும் பெருவட்டங்களைச் சார்ந்தவை. ஏனைய அகலக்கோடுகள் சிறுவட்டங்களே.

நமது நூல் எங்கெங்கே படிகின்றது? கொழும்பை விட்டு வடமேற்கே சென்று, நீலகிரிக்கு அண்மையாகத் தென்னிந்தியாவைக் கடந்து, கோவாவுக்கு அப்பால் அரபிக் கடலின்மேற் சென்று, ஈரானைக் குறுக்காக வெட்டி, ஆர்மீனியாவைத் தொட்டு, கருங்கடலைத் தாண்டி, ருமேனியாவின் வடகிழக்கு எல்லைப்புறத்தின் வழியே ஜேர்மனிக்குட் புகுந்து இலண்டனை அடைகின்றது. சுவர்ப்படத்தின் நேர்கோடு வட சவூதி அரேபியாவைக் கடக்கும் அதே நெடுங்கோட்டில், நூல் கருங்கடலின்மேல் நிற்கின்றது. இரண்டுக்குமிடையே ஏறக்குறைய பத்துப் பாகை, அதாவது 1,100 கிலோமீற்றர் இடைவெளி! எனினும் மொத்தத் தூரத்தில் நூலின் வழியே குறைவானது. திசை மாறாத வழி அதனிலும் சுமார் 220 கிலோமீற்றர் நீண்டது.

இவ்வழியில் மற்றொரு வியப்பும் உண்டு. கொழும்பிலிருந்து புறப்படும்போது திசை, வடக்கிலிருந்து மேற்கே 39 பாகை. இலண்டனை அணுகும்போதோ விமானம் ஏறக்குறைய நேர் மேற்கு நோக்கிப் பறக்கும். விமானி எந்த இடத்திலும் வளைந்து திரும்பவில்லை. நூல் வழியே நேராகவே சென்றார். அவரைச் சுற்றியுள்ள வடக்குத் திசையே இடத்துக்கிடம் மாறிற்று. வட முனையை நோக்கி நெடுங்கோடுகள் ஒடுங்கி வருவதன் விளைவு இது.

தூரத்தைக் கணிக்கும் முறை

நூலை அளந்து தூரம் காண்பது பருமட்டான முறை. கணக்கால் காண்பதற்கு இரு இடங்களின் அகலக்கோடும் நெடுங்கோடும் தெரிந்தாற் போதும்.

கட்டுநாயக்கா விமான நிலையம்: வட அகலக்கோடு 7 பாகை 11 கலை, கிழக்கு நெடுங்கோடு 79 பாகை 53 கலை. இலண்டன் ஹீத்றோ விமான நிலையம்: வட அகலக்கோடு 51 பாகை 29 கலை, மேற்கு நெடுங்கோடு 0 பாகை 28 கலை. ஒன்று கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருத்தலால் நெடுங்கோடுகளைக் கூட்ட வேண்டும். வித்தியாசம் 80 பாகை 21 கலை.

வட முனை, கொழும்பு, இலண்டன் ஆகிய மூன்றையும் உச்சிகளாகக் கொண்ட ஒரு கோள முக்கோணத்தைக் கருதுக. அதன் இரு பக்கங்கள் நமக்குத் தெரியும். அவற்றுக்கிடைப்பட்ட கோணம் நெடுங்கோட்டு வித்தியாசம். மூன்றாம் பக்கமே நாம் தேடும் தூரம். கோளத் திரிகோண கணிதத்தின் கோசைன் விதி கூறுவது இது:

தூரத்தின் கோசைன் = (முதல் அகலக்கோட்டின் சைன் × இரண்டாம் அகலக்கோட்டின் சைன்) + (முதல் அகலக்கோட்டின் கோசைன் × இரண்டாம் அகலக்கோட்டின் கோசைன் × நெடுங்கோட்டு வித்தியாசத்தின் கோசைன்).

நான்கிலக்க அட்டவணையிலிருந்து பெறுமானங்களை இடுவோம்.

முதற் பகுதி: 0.1250 × 0.7824 = 0.0978
இரண்டாம் பகுதி: 0.9922 × 0.6227 × 0.1676 = 0.1036
கூட்டுத்தொகை: 0.2014

கோசைன் 0.2014 ஆகவுள்ள கோணம் 78 பாகை 23 கலை. அதாவது பூமியின் மையத்திலிருந்து நோக்கினால் இவ்விரு விமான நிலையங்களும் 78 பாகை 23 கலைக் கோணத்தால் விலகி நிற்கின்றன.

இதனைத் தூரமாக மாற்றுவதிற்றான் மாலுமிகளின் மதிநுட்பம் புலனாகின்றது. பெருவட்டத்தின் ஒரு கலை வில்லையே அவர்கள் ஒரு கடல் மைலாகக் கொண்டனர். எனவே 78 ஐ 60 ஆற் பெருக்கி 23 ஐக் கூட்டினால் விடை 4,703 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீற்றர் என 1929 இல் சர்வதேச மகாநாடு ஒன்றில் வரையறுக்கப்பட்டது. அதன்படி தூரம் சுமார் 8,710 கிலோமீற்றர். பூமியின் சராசரி ஆரையை 6,371 கிலோமீற்றராகக் கொண்டு கணித்தால் 8,716 கிலோமீற்றர் வரும். இச்சிறு வேறுபாடு கண்டு மாணவர் மயங்க வேண்டியதில்லை. பூமி பூரண கோளமன்று. மத்தியகோட்டில் அதன் ஆரை சுமார் 6,378 கிலோமீற்றர், முனைகளில் சுமார் 6,357 கிலோமீற்றர். கோளம் எனக் கொண்டு செய்யும் கணக்கில் ஆயிரத்துக்குச் சில பங்கு பிழை நேருதல் இயல்பே.

ஈண்டு "சைன்" என்னும் சொல்லின் வரலாறும் நினைக்கத்தக்கது. கி.பி. 499 இல் ஆரியபட்டர் தமது ஆரியபட்டீயத்தில் 3 பாகை 45 கலை இடைவெளியில் இருபத்துநான்கு அரைநாண்களின் அளவைத் தந்துள்ளார். நாணுக்கு வடமொழியில் "ஜ்யா" அல்லது "ஜீவா" என்று பெயர். அதனை அராபியர் "ஜீப" என ஒலிப்படியே எழுதிக்கொண்டனர். உயிரெழுத்துக் குறியின்றி எழுதப்பட்ட அச்சொல்லைப் பிற்காலத்தார் "ஜைப்" எனப் படித்து, அங்கியின் மடிப்பு எனப் பொருள் கொண்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தோர் அதே பொருளுடைய "சைனஸ்" என்னும் சொல்லை இட்டனர். நகரங்களுக்கிடையே உள்ள தூரத்தைக் கோளக் கணிதத்தால் காண முயன்றவருள் பதினோராம் நூற்றாண்டின் அல்பிரூனி தலைசிறந்தவர். விமானம் தோன்றுவதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்னரே அதன் வழியை அளக்கும் கோல் ஆயத்தமாயிருந்தது எனலாம்.

அண்மைத் தூரத்துக்கு வேறு முறை

இதே விதியைப் பலாலிக்கும் சென்னைக்கும் பயன்படுத்த முற்படும் மாணவன் ஓர் இடர்ப்பாட்டை எதிர்நோக்குவான். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள கோணம் மூன்று பாகைக்குச் சற்று மேற்பட்டது. அத்தகைய சிறு கோணங்களின் கோசைன் 1 ஐ மிக நெருங்கி நிற்கும். கோணம் மாறினும் கோசைன் மாறுவது அரிது. நான்கிலக்க அட்டவணையில் 0.9984 என்னும் ஒரே பெறுமானம் ஏறக்குறைய ஆறு கலை அகலமுள்ள கோணங்கள் அனைத்துக்கும் பொருந்தும். ஆகவே விடையில் ஆறு கடல் மைல் வரை ஐயம் எஞ்சும். விதி பிழையன்று; கருவி அவ்விடத்துக்கு ஏற்றதன்று.

இங்கே பைதகரசின் தேற்றமே போதும். பலாலி: வடக்கு 9 பாகை 48 கலை, கிழக்கு 80 பாகை 4 கலை. சென்னை: வடக்கு 13 பாகை, கிழக்கு 80 பாகை 10 கலை. வடக்குத் தெற்கு வித்தியாசம் 3 பாகை 12 கலை, அதாவது 192 கடல் மைல். கிழக்கு மேற்கு வித்தியாசம் 6 கலை. இடை அகலக்கோட்டின் கோசைனாகிய 0.98 ஆற் பெருக்க, 5.9 கடல் மைல். இவற்றைச் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால் கர்ணம் 192.1 கடல் மைல், அதாவது 356 கிலோமீற்றர். சென்னை நமக்கு ஏறக்குறைய நேர் வடக்கே உள்ளது என்பதும், கொழும்புக்கு நெடுஞ்சாலை வழியே செல்லும் தூரத்திலும் அது அண்மையானது என்பதும் இதனாற் பெறப்படும்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் மட்டும் போதுமா?

இனிக் காலத்தைக் கணிப்போம். இக்காலத்துப் பெரிய ஜெற் விமானம் பதினொரு கிலோமீற்றர் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீற்றர் வேகத்திற் பறக்கும். 8,716 ஐ 900 ஆல் வகுத்தால் 9 மணி 41 நிமிடம். ஆனாற் கொழும்பிலிருந்து இலண்டனுக்கு விமானங்கள் பதினொரு மணித்தியாலத்துக்கும் மேலாக எடுத்துக்கொள்வதைப் பயணிகள் அறிவர். எஞ்சிய ஒன்றரை மணித்தியாலம் எங்கே போயிற்று?

முதலாவது காரணம், விமானம் நூல் வழியே செல்வதில்லை. வானத்திலும் வகுக்கப்பட்ட பாதைகள் உண்டு. போர் நிகழும் நாடுகளின் வானம் மூடப்படுவதும் உண்டு. 2022 ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் உக்ரேனின் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதே காலத்தில் ரசியா தன் வானத்தை ஐரோப்பிய விமானங்களுக்கு மறுத்தது. அதனால் ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்கு ஒன்பது மணித்தியாலம் அளவிற் சென்ற பின்லாந்து விமானம், பதின்மூன்று மணித்தியாலம் வரை பறக்க நேர்ந்தது; சில வேளைகளில் வட முனையையே சுற்றிச் சென்றது. நகரங்கள் இடம் பெயரவில்லை, பெருவட்டமும் மாறவில்லை, மனிதர் பகையே தூரத்தை நீட்டிற்று. நமது கணக்குக்கு, சுற்று வழியையும் சேர்த்து 9,100 கிலோமீற்றர் எனக் கொள்வோம்.

இரண்டாவது காரணம் காற்று. மத்திய அகலக்கோடுகளில், ஒன்பது முதற் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒடுங்கிய பேராறு போன்ற காற்றோட்டம் ஒன்று வீசுகின்றது. இதனை ஜெற் காற்றோட்டம் என்பர். வெப்பமான தென்பகுதி வளிக்கும் குளிர்ந்த வடபகுதி வளிக்கும் இடையேயுள்ள வெப்ப வேறுபாடும், பூமியின் சுழற்சியும் இதற்குக் காரணம். 1920களில் யப்பானிய வளிமண்டல அறிஞர் வசபுரோ ஊயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதனை அளந்தார். உலகோர் யாவரும் படிக்கவேண்டுமென்று தம் ஆய்வை எஸ்பராந்தோ மொழியில் வெளியிட்டார். அதனாலேயே அதனைப் படித்தோர் மிகச் சிலராயினர். 1944 இல் யப்பானின்மேற் பறந்த அமெரிக்க விமானிகள் இக்காற்றை எதிர்கொண்டு திகைத்தபின்னரே அதன் வலிமை பரவலாக உணரப்பட்டது.

2020 பெப்ரவரியில், புயலோடு கூடிய பலத்த காற்றோட்டத்தைத் துணையாகக் கொண்டு, பயணிகள் விமானம் ஒன்று நியூயோர்க்கிலிருந்து இலண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்திற் சென்றடைந்தது. சுமார் 5,540 கிலோமீற்றர் கொண்ட இவ்வழிக்கு வழமையாக ஆறரை மணித்தியாலம் அளவில் வேண்டும். நிலத்தை நோக்க அதன் வேகம் அவ்வுயரத்து ஒலியின் வேகத்தைத் தாண்டியது. ஆயின் தன்னைச் சூழ்ந்த வளியை நோக்க அது ஒலியை விஞ்சவில்லை. ஓடும் ஆற்றிலே தோணி வலிப்பவன் கரையிலுள்ள மரங்களை விரைந்து கடப்பினும், தண்ணீரை நோக்கத் தன் வழமையான வேகத்திலேயே செல்கின்றான் அன்றோ?

நமது வழியிற் சராசரியாக மணிக்கு 50 கிலோமீற்றர் எதிர்க்காற்று எனக் கொண்டால், இலண்டனுக்குப் போகும்போது வேகம் 850. 9,100 கிலோமீற்றருக்கு 10 மணி 42 நிமிடம். திரும்பும்போது வேகம் 950. 9 மணி 35 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது முழுதும் பெற்றுவிடுகின்றோமா? இல்லை. காற்றே இல்லாவிடில் இரு வழிக்கும் 20 மணி 13 நிமிடம். காற்றுடன் 20 மணி 17 நிமிடம். எதிர்க்காற்றில் நீண்ட நேரமும் பின்காற்றிற் குறைந்த நேரமும் இருத்தலால், இழப்பு எப்பொழுதும் ஈட்டத்திலும் மிகும். காற்றின் வேகம் மிக மிக இவ்விழப்பும் மிகும். இது மாணவர் தாமே இயற்கணித முறையில் நிறுவிப் பார்க்கத்தக்க அழகிய தேற்றம்.

மூன்றாவது காரணம் தரையிற் செலவாகும் நேரம். கால அட்டவணையிற் குறிக்கப்படும் பயண நேரம் சில்லுகளுக்கு இட்ட தடை எடுக்கப்படும் கணத்திலிருந்து, மறு முனையில் மீண்டும் தடை இடப்படும் கணம் வரையாகும். ஓடுபாதையை அடைதல், முறைக்குக் காத்திருத்தல், மெதுவாக மேலேறுதல், இறங்குவதற்கு வட்டமிடுதல் அனைத்தும் இதில் அடங்கும். ஹீத்றோவைச் சூழ நான்கு இடங்களில் விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமிட்டுக் காத்திருப்பது நாள்தோறும் காணும் காட்சி. இவற்றுக்கு அரை மணித்தியாலம் கூட்டினால், போக 11 மணி 12 நிமிடம். வர 10 மணி 5 நிமிடம். இது அனுபவத்தோடு நன்கு ஒத்துவருகின்றது.

நெடும்பயணத்தில் இந்த அரை மணித்தியாலம் இருபதில் ஒரு பங்கே. குறும்பயணத்திலோ அதுவே பாதி. பலாலிக்கும் சென்னைக்கும் இடையே பறக்கும் ஏ.ரி.ஆர். வகைச் சுழல்விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் வேகமுடையது. 356 கிலோமீற்றருக்கு 43 நிமிடமே வேண்டும். ஆயினும் அட்டவணையில் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் குறையாது இடப்படும். ஆகவே ஓர் ஊரின் தூரத்தைக் கொண்டு மற்றோர் ஊருக்கான நேரத்தை வெறும் விகிதசமத்தால் காண முற்படுதல் தவறாகும்.

கடிகாரம் செய்யும் மயக்கம்

இனி, முற்றத்திலே பெரியவர் கொண்ட மயக்கத்துக்கு வருவோம். பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுழல்கின்றது. ஒரு மணிக்கு 15 பாகை. கொழும்பின் நெடுங்கோடு 80 பாகை ஆதலால், சூரியன் அங்கு இலண்டனிலும் ஏறக்குறைய ஐந்து மணி இருபது நிமிடம் முன்னே உச்சியை அடையும். நாட்டு வழக்கில் இவ்வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலமாக வைக்கப்பட்டுள்ளது. இலண்டனிற் கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதால், அப்பொழுது வித்தியாசம் நாலரை மணித்தியாலமாகக் குறையும். இலங்கையிலும் 1996 இல் இருமுறை நேரம் மாற்றப்பட்டு, 2006 இலேயே பழைய ஐந்தரை மணிக்கு மீண்டோம் என்பதைப் பலர் நினைவில் வைத்திருப்பர்.

குளிர்காலத்தில் ஒருவர் கொழும்பில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டால், 11 மணி 12 நிமிடம் கழித்து இலண்டனில் இறங்கும்போது கொழும்பில் இரவு 11.12; இலண்டன் கடிகாரத்தில் மாலை 5.42. கடிகாரத்தை மட்டும் நம்புபவர் பயணம் 5 மணி 42 நிமிடம் என்பார். அவரே இலண்டனில் இரவு 8 மணிக்குப் புறப்பட்டால், 10 மணி 5 நிமிடம் கழித்து இலண்டனில் காலை 6.05, கொழும்பில் முற்பகல் 11.35. இப்பொழுது பயணம் 15 மணி 35 நிமிடம் போலத் தோன்றும். போகும்போது மறைந்த ஐந்தரை மணியும், வரும்போது புகுந்த ஐந்தரை மணியும் ஒன்றே.

இதில் ஒரு சிறு உபாயம் உண்டு. நேர வித்தியாசம் தெரியாவிடினும், கடிகாரம் காட்டும் இரு நேரங்களையும் கூட்டினால் மயக்கம் தானே நீங்கிவிடும். 5 மணி 42 நிமிடமும் 15 மணி 35 நிமிடமும் சேர்ந்து 21 மணி 17 நிமிடம். உண்மையான பறப்பு நேரங்களாகிய 11 மணி 12 நிமிடத்தையும் 10 மணி 5 நிமிடத்தையும் கூட்டினாலும் அதுவே. அன்று முற்றத்தில் நின்ற பெரியவர் தாம் போன நேரத்தை மட்டும் நினைத்தார்; வந்த நேரத்தையும் சேர்த்து நினைத்திருப்பாரேல் என் காகிதம் வேண்டியிருந்திராது.

முற்பகல் 11.35 க்கு இறங்குபவர் குடிவரவு, சுங்கம் ஆகியவற்றைக் கடந்து வெளியேற ஒரு மணித்தியாலம். யாழ்ப்பாணம் வரை சாலைவழியே ஏறக்குறைய எட்டு மணித்தியாலம். இரவு ஒன்பது மணிக்கு முன்னர் வருதல் இயலாது என்று யான் கூறியதன் அடிப்படை இதுவே.

முன்னோர் கடந்த வானம்

இன்று பதினொரு மணித்தியாலம் நீண்டது என்று சலிப்போர் முன்னைய பயணங்களையும் எண்ணிப் பார்த்தல் தகும். 1929 இல் இலண்டனிலிருந்து கராச்சிக்கு முதல் விமான சேவை தொடங்கியபோது, இடையே புகைவண்டிப் பயணமும் சேர்ந்து ஏழு நாட்கள் சென்றன. இரண்டாம் உலகப் போரில் 1942 இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், அவுஸ்திரேலியாவுக்கு வான்வழித் தொடர்பு அறுந்தது. 1943 இல், நமது நாட்டின் தென்கோடியிலுள்ள கொக்கலை வாவிக்கும் பேர்த் நகருக்கும் இடையே கற்றலைனா என்னும் நீர்விமானங்கள் பறக்கத் தொடங்கின. தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர். இடையில் இறங்க இடமில்லை. பகைவர் அறியாதிருக்க வானொலியும் மௌனம். விண்மீன்களை நோக்கியே வழி கண்டனர். எரிபொருட் பாரத்தால் மூன்று பயணிகளையே ஏற்ற முடிந்தது. மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் வேகத்தில் இருபத்தேழு மணித்தியாலத்துக்குக் குறையாத பயணம். மிக நீண்டது 32 மணி 9 நிமிடம் எடுத்தது. ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டவர் என்று பயணிகளுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது. இன்றைய ஜெற் விமானத்துக்கு அதே தூரம் ஏழு மணித்தியாலமும் ஆகாது.

நம் ஊரின் வானமும் இவ்வரலாற்றில் இடம் பெற்றுள்ளது. 1947 டிசெம்பர் 10 ஆம் நாள் ஏயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை எனக் குறிக்கப்பட்ட பலாலியில் இறங்கி, சென்னை சென்றது. யாழ்ப்பாணத்தவர் காலையில் ஏறி நண்பகலுக்குமுன் சென்னையில் நிற்கும் வசதி அன்றே இருந்தது. 1970களின் இறுதியில் அச்சேவை நின்றது. பின்னர் போர் வந்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்து, 2019 ஒக்டோபர் 17 ஆம் நாள் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னை விமானம் மீண்டும் இறங்கிற்று. பெருந்தொற்றினால் 2020 இல் நின்ற சேவை 2022 டிசெம்பரில் மறுபடி ஆரம்பமாயிற்று.

இடைப்பட்ட அந்நாற்பது ஆண்டுகளில் பலாலிக்கும் சென்னைக்கும் இடையே உள்ள தூரம் என்ன? பைதகரசைக் கேட்டால் 356 கிலோமீற்றர் என்பார். ஆனால் யாழ்ப்பாணத்து நோயாளி ஒருவரோ, மாணவர் ஒருவரோ அக்காலத்திற் சென்னை செல்ல விரும்பின், முதலில் தெற்கே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து 647 கிலோமீற்றர் வடக்கே பறந்து, தம் வீட்டு வானத்தின் வழியாகவே ஏறக்குறையத் திரும்பிச் செல்ல வேண்டியிருந்தது. ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல்! நெடுஞ்சாலையும் மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் அதுவும் அரிதாயிற்று. மூன்று மடங்கான அத்தூரத்தை எந்தக் கோசைன் விதியும் தராது.

இவ்வுண்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. இலண்டனிலிருந்து சென்னை 8,235 கிலோமீற்றர், அங்கிருந்து பலாலி 356, மொத்தம் 8,591. கட்டுநாயக்கா வழியாயின் வான்வழி 8,716 உம் சாலை 400 உம் சேர்ந்து 9,116. இணைப்பு விமானத்தின் நேரமும் பயண அனுமதிகளும் பொருந்துமாயின், வடக்கு வழியே ஏறக்குறைய 500 கிலோமீற்றர் குறைவு. சாலைப் பயணத்தின் எட்டு மணித்தியாலமும் மிச்சம். தந்தையின் முகம் காண விரையும் ஒரு மகனுக்கு அந்த எட்டு மணித்தியாலம் எத்தகையது என்பதை அன்று அம்முற்றத்தில் நின்றவர் எவரும் மறவார்.

நம் பழைய மாணவர் இன்று இலண்டன், ரொறன்ரோ, மெல்போண் எனப் பல நகரங்களிற் பரந்து வாழ்கின்றனர். அந்நகரங்களின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் தேசப்படத்திற் கண்டு, பலாலியிலிருந்து அவற்றின் தூரத்தையும், அங்கிருந்து ஒருவர் வந்து சேரும் நேரத்தையும் மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் கையாற் கணித்துப் பார்ப்பாராக. தெற்கு அகலக்கோட்டின் சைன் மறைப் பெறுமானம் கொள்ளும் என்பதை மட்டும் மெல்போணுக்குக் கணிக்கும்போது மறவாதிருத்தல் வேண்டும். கையடக்கத் தொலைபேசி விடையைக் கணத்திற் கூறிவிடுமே என்று எவரேனும் கேட்கலாம். கூறும், ஆயின் அது கூறும் நேரம் எந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம் என்று கேட்டறியும் அறிவு நம்மிடம் இருத்தல் வேண்டும்.